பாறை இடுக்கில் யாங்டன்

சாம்கார் கடைத்தெருவில் இறைச்சிக் கடை வைத்திருந்த யாங்டனுக்கு எதற்கும் பயம் கிடையாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆள் கொஞ்சம் பருமன். குடித்துவிட்டு வம்பு செய்யும் லாரிக்காரர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாள். ஆனால் புனித மடுவான மெபார் ஸோவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் உடனே அவளுக்கு முட்டி வலிக்கும், தலை சுற்றும், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

காரணம் அங்கிருக்கும் பாறை. ஆற்று மடுவுக்கு மேலே, புத்தர் உருவங்கள் செதுக்கிய அந்தப் பாறைக்கு அடியில் ஓர் இடுக்கு உண்டு. வயிற்றால் ஊர்ந்து மறுபக்கம் வர வேண்டும். பாவம் செய்தவர்களைப் பாறை பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. யாங்டன் எதையும் கொன்றவளில்லை. வேறு யாரோ வெட்டிக் கொடுத்ததை விற்பவள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் கணவன் நம்கே இறைச்சி ஏற்றிய வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்தபோது, கறிப் பாவம்தான் அவனைத் தின்றுவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அது அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

புனித மாதத்தில் இறைச்சிக் கடை திறக்கக் கூடாது. அந்த வருடம் சாக்குச் சொல்ல வழியில்லாமல் எங்களோடு வண்டியில் ஏறினாள். பக்கத்தில் அவள் நாத்தனார் கேல்மோ. ஒல்லியானவள், கறி தொடாதவள், தினமும் கோயிலைச் சுற்றுகிறவள்.

"அண்ணி, நீ உள்ள போனா உன்னப் பாறை புடிக்காது. பாறையத்தான் நீ புடிச்சுக்குவ" என்றாள் கேல்மோ. வண்டியே சிரித்தது.

"வாய மூடுடி, ஊதுவத்திக் குச்சி" என்றாள் யாங்டன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோதுமை அடையைக் கடிக்காமலே பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மடுவில் நெய் விளக்குகளை மிதக்க விட்டோம். பிறகு கேல்மோதான் முதலில் இடுக்குக்குள் நுழைந்தாள். கால்கள் உள்ளே மறைந்தன. மறுபக்கம் தலை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. பாறைக்குள்ளிருந்து அலறல்தான் வந்தது.

"அய்யோ, புடிச்சுக்கிச்சு! என்னப் புடிச்சுக்கிச்சு!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. "அவளுக்கே இந்தக் கதின்னா..." என்று யாரோ முணுமுணுத்தார்கள். எங்கள் ஓட்டுநர் முயன்று பார்த்தான், அவனுடைய அகன்ற தோள் நுழையவில்லை. இன்னொருவர் கண்ணை மூடி மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். நானும் நகரவில்லை. பாறையைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

யாங்டனின் முகம் வெளிறியிருந்தது. என்ன நினைத்தாளோ, மேல்சட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தாள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். ஈரக் கல் முதுகை அழுத்தியது. அடியில் ஆறு இரைவது பற்களில் அதிர்ந்தது. நடுவில் இருந்த வளைவில் கேல்மோ கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். ஓர் உதை யாங்டனின் மூக்கில் விழுந்தது.

"உதைக்காதடி, நான்தான்!"

"அண்ணி, எனக்குத் தெரியும், ஏன் புடிச்சுதுன்னு தெரியும். அண்ணன் செத்தப்ப, உன் கறிப் பாவம்தான்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான்!"

வெளியே நின்ற எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. பிறகு யாங்டனின் குரல், நடுங்கிக்கொண்டு: "அத வெளிய வந்து பேசிக்கலாம். இப்ப மூச்ச முழுசா வெளிய விடு."

கையால் துழாவினாள். கேல்மோவின் இடுப்புப் பட்டை ஒரு கல் முனையில் மாட்டி இறுகியிருந்தது. விரல் நகம் பிய்யப் பிய்ய அதை எடுத்துவிட்டாள். கேல்மோ வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய் விழுந்தாள்.

இப்போது யாங்டன் தனியாக உள்ளே. பின்னால் போக முடியவில்லை, முன்னாலும் நகரவில்லை. நெஞ்சு விரிய இடமில்லை. "நான் செத்துட்டேன்னே நெனச்சேன். கும்பிடக்கூடத் தோணல. நம்கே பேரத்தான் கத்துனேன்" என்றாள் என்னிடம். அப்போது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு மெலிந்த கை உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. கேல்மோ மறுபடியும் தலையையும் தோளையும் இடுக்குக்குள் விட்டிருந்தாள். மறுபக்கம் ஓடிய நாங்கள் கேல்மோவின் காலைப் பிடித்து இழுத்தோம்.

கன்னத்தோல் உரிந்து யாங்டன் வெளியே வந்தாள். மூச்சு வாங்கியபடி எழுந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த கேல்மோவை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கினாள்.

மறுமாதம் கடை திறந்தது. முன்பு பாதி சாத்தியே வைத்திருந்த கடைக் கதவை அவள் இப்போதெல்லாம் சாத்துவதே இல்லை. அடைத்த இடம் ஆகாது என்கிறாள். கேல்மோ காலையில் வந்து வாசலைக் கூட்டிவிட்டுப் போகிறாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை.

"அப்ப உனக்குப் பாவம் இல்லன்னு ஆயிடுச்சே?" என்று ஒருநாள் கேட்டேன்.

யாங்டன் கத்தியைக் கீழே வைத்தாள். "யாருக்குத் தெரியும்? எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.