குதிரைக்குக் கண் வைத்த வகுப்பு

இப்போது கண்களைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். போன வாரம்தான் எனக்கு இது தெரிந்தது. பேரன் சிம்மக்கல்லில் ஒரு கடையிலிருந்து வாங்கி வந்தான். வெள்ளை வட்டத்துக்குள் கறுப்புப் பொட்டு; ஆட்டினால் பொட்டு உருளுகிறது; பின்பக்கம் பசை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் கொள்ளுப்பேத்தி, தன் கையாலேயே ஒரு விலங்கு செய்து பள்ளிக்குக் கொண்டு போக வேண்டுமாம். அதற்காகப் பேரன் தெர்மாகோலை அறுத்தான், அவன் மனைவி ஒட்டினாள், குழந்தை டி.வி. பார்த்தது. முதலில் யானையாகத்தான் இருந்தது. தும்பிக்கை உடைந்து போனதால் சாயங்காலத்துக்குள் அதைக் குதிரை என்று முடிவு செய்தார்கள்.

அந்தப் பசை வாடை என்னை ஏதோ செய்தது. கெட்ட வாடை ஒன்று நல்ல வாடையை ஞாபகப்படுத்துவது விசித்திரம்தான். எனக்குள் எழுந்தது கண்மாய்க் களிமண்ணின் வாசனை. ஈரச் சாக்கைப் போர்த்தி மூலையில் வைத்த களிமண்ணுக்குக் கொஞ்சம் மீன், கொஞ்சம் மழை, கொஞ்சம் பழைய பானை என்று ஒரு கலவை மணம் உண்டு. ஆசிரியப் பயிற்சியை முடித்த சூட்டோடு கோச்சடையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே என் வகுப்பு முழுக்க அந்த வாசனைதான்.

வெள்ளைக்காரன் காலம். கோச்சடை அப்போது மதுரைக்கு வெளியே தனி ஊர். வைகைக் கரையோடு சைக்கிளில் போனால் இரண்டு பக்கமும் நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் இரண்டே பேர். ஒருவர் பெரிய வாத்தியார்; சர்க்கார் மானியம் வாங்கிப் பள்ளிக்கூடத்தை நடத்துபவரும் அவர்தான். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு கீழ் வகுப்புகளைக் கவனித்துக்கொள்வார். தும்மல் வரும் நேரத்தைப் பார்த்தே பையன்கள் விடையை மாற்றி எழுதிவிடுவார்கள். இன்னொருவன் நான். தலை நிறையப் பயிற்சிப் பள்ளியில் ஊட்டிய கொள்கை. பிள்ளைகள் கேட்டுப் படிக்கக் கூடாது, செய்துதான் படிக்க வேண்டும். ஆகவே மண் வேலை.

மண் வேலை என்றால் மாம்பழம், கத்தரிக்காய், வாழைப்பழம். ஜில்லா முழுக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஜன்னலில் இந்த மூன்றும் காய்ந்துகொண்டிருக்கும். என் வகுப்பில் சீனி என்று ஒரு பையன். அவன் செய்வது பாம்பு மட்டும். உருட்டினால் போதும் அல்லவா.

"வேற எதாச்சும் செய்யிடா" என்றால், கொஞ்ச நேரம் கழித்து நீளமாக ஒன்றை ஏந்தி வருவான்.

"இது என்னடா?"

"சாரப்பாம்பு சார். மொதல்ல செஞ்சது நல்லபாம்பு."

மண் வேலையில் பிரியமுள்ள பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் பக்கம் மாற்றலாகி வந்திருந்தார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அவர் கையெழுத்துப் போட வேண்டும். மாம்பழத்தையே பார்த்துச் சலித்த மனிதரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு குதிரை. அதைச் செய்ய என் வகுப்பில் ஆளும் இருந்தது.

அவள் பெயர் பஞ்சவர்ணம். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெண். அவள் அப்பா குதிரை செய்யும் வேளார். அய்யனார் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண் குதிரை அவர் வீட்டிலிருந்துதான் போகும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும். டவுனில் ஆறாம் வகுப்புச் சேர வேண்டும் என்று அதற்கு ஒரே தவிப்பு. நான் மண் வேலை ஆரம்பித்ததும் அப்பா சண்டைக்கு வந்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, மண்ணு பெசையத்தேன் பள்ளிக்கூடம்னா, அத எங்க வீட்லயே பெசையலாமே. சம்பளமில்லாம நான் சொல்லித் தாரேன்."

இதற்குப் பயிற்சிப் பள்ளியில் பதில் சொல்லித் தரவில்லை. மண்ணால் அறிவு வளரும், கவனம் வளரும் என்று ஏதேதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு அம்புட்டெல்லாம் வெளங்காது. இன்ஸ்பெக்டரய்யா வந்து, இதுவும் படிப்புத்தேன், புள்ள நல்லா வரும்னு ஒரு வார்த்த சொல்லட்டும். டவுனுக்கு அனுப்புறேன். இல்லாட்டி இந்த வருசத்தோட சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குதிரை எழுந்தது. பையன்கள் மண் மிதித்தார்கள், வைக்கோல் சேர்த்தார்கள். பஞ்சவர்ணம் அவர்களை விரட்டி வேலை வாங்கினாள். சீனிக்கு வால். "பாம்புதானடா, மாட்டு" என்றாள் அவள். அவனும் வாழ்நாளில் முதல்முறையாக உபயோகமான ஒரு பாம்பைச் செய்தான்.

எல்லாம் முடிந்ததும் அவள் தயங்கி நின்றாள். "கண்ணு வைக்கவா சார்? எங்கப்பா வீட்ல வைக்க மாட்டாரு. கோயில்லதான் தெறப்பாரு. கண்ணு தெறந்துட்டா அது சாமி குதிர."

நான் படித்தவன். சிரித்தேன். "இது படிக்கிற குதிரை, பஞ்சவர்ணம். தைரியமா வை."

இரண்டு மண் உருண்டைகளை உருட்டி அழுத்தி, சுண்ணாம்பு தடவி, நடுவில் கரியால் பொட்டு வைத்தாள். அதுவரை மண்ணாக இருந்தது சட்டென்று எங்களைப் பார்த்தது. முன் வரிசைப் பையன்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் காலை தயிர்க்காரி ஒருத்தி ஜன்னலோரம் நின்று கும்பிட்டாள். அதற்கு மறுநாள் குதிரையின் கழுத்தில் அரளி மாலை. அப்புறம் வாசற்படியில் தேங்காய் உடைந்தது. மாடு தொலைந்து போன ஒருவர் முன்னங்காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போக, அன்று சாயங்காலமே மாடு தானாக வீட்டுக்கு வந்து தொலைத்தது. அவ்வளவுதான். வாய்ப்பாடு சத்தமாகச் சொன்னால், "மெதுவாச் சொல்லுங்கப்பா, சாமி இருக்குல்ல" என்று வெளியிலிருந்து அதட்டினார்கள். தேங்காய்ச் சில்லும் பொரிகடலையும் தினமும் கிடைத்ததால் வராத பையன்களெல்லாம் வந்தார்கள். பதிவேட்டில் பெயரே இல்லாத இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய வாத்தியாருக்கு ஆனந்தம். "நான் பெரம்பால அடிச்சு வராத கூட்டம் தம்பி. குதிர இழுத்துட்டு வந்துருச்சு" என்றார். அன்று பிற்பகலே தபால் வந்தது. இன்ஸ்பெக்டர் நாளை மறுநாள் வருகிறார். பெரிய வாத்தியாரின் முகத்திலிருந்த ஆனந்தம் ஒரே தும்மலில் போய்விட்டது.

"குங்குமமும் கற்பூரமுமா இருக்கு. இது பள்ளிக்கூடமா கோயிலான்னு அந்த ஆளு கேட்டா என்னத்தச் சொல்ல? எனக்கு மானியம் போகும், ஒனக்கு வேல போகும்."

"தூக்கி வெளியே வைத்துவிடலாமே" என்றேன்.

"சாமியத் தூக்க யாரு வருவா? நீ தூக்குறியா?" ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார். "கண்ணு இருக்குறதாலதானப்பா சாமி. இல்லாட்டி மண்ணுதான?"

சொன்னது அவர், செய்தது நான். மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில், கரும்பலகை துடைக்கும் ஈரத்துணியால் குழைத்து இரண்டு கண்களையும் நெம்பி எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. யாரோ வரும் சத்தம் கேட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வந்தது பஞ்சவர்ணம். குதிரையைப் பார்த்தாள். என்னை அவள் சந்தேகிக்கவே இல்லை. "ஈரம் பத்தல போல சார், உதுந்துருச்சு" என்று குதிரையின் அடியில் தவழ்ந்து தேட ஆரம்பித்தாள்.

நானும் குனிந்து தேடினேன். சிரிக்காதீர்கள். சட்டைப் பையில் கண்களை வைத்துக்கொண்டு, பெஞ்சுக்கடியில் தலையை விட்டு, "இந்தப் பக்கம் இல்லையே" என்று நிஜமான கவலையோடு தேடினேன். அவள், "திரும்ப வச்சுரட்டா சார்?" என்றாள். நேரமில்லை, வேண்டாம் என்றேன். சாயங்காலம் தேங்காயோடு வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி போயிருச்சு போல" என்று தேங்காயோடு திரும்பினார்கள். அதன்பின் மாலையையும் மஞ்சள் துணியையும் நான் எடுத்தபோது யாரும் தடுக்கவில்லை. மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இல்லை.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையோடு வந்தார். குதிரையைக் கண்டதும் மனிதர் குழந்தையாகிவிட்டார். சுற்றிச் சுற்றி வந்தார், பிடரியைத் தட்டினார், வாலைத் தொட்டு, "இதைச் செய்தவன் யார்? அபாரம்" என்றார். சீனி எழுந்து நின்றான். படிப்புக்காக அவனை ஒருவர் பாராட்டியது அதுதான் முதலும் கடைசியும் என்று நினைக்கிறேன். பிறகு முகத்துக்கு வந்தார்.

"கண் எங்கே?"

பஞ்சவர்ணம் எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"உதுந்துருச்சுங்கய்யா."

"இவ்வளவும் செய்துவிட்டுக் கண்ணை உதிர விடுவதா? கவனம் போதாது. மண் வேலையே கவனத்துக்காகத்தான்." பெரிய வாத்தியாரிடம் திரும்பி, "பொம்பளப் பிள்ளைக்கு இந்த மட்டும் படிப்பு போதும்" என்றார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். முந்தின நாள் போட்ட அதே சட்டை; கை அதன் பைக்குத்தான் போனது. உருண்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போகவில்லை, வெளியே தெரிகின்றனவா என்று பார்க்கப் போனது. பெரிய வாத்தியார் பொடி டப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண் என் பையில்தானே இருந்தது.

இன்ஸ்பெக்டர் உண்மையில் நல்ல மனிதர். 'ஆசிரியரின் முயற்சி போற்றத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் குதிரைவண்டி கிளம்பிய பிறகு வேளார் உள்ளே வந்தார். கோபமே இல்லை.

"நம்ம வீட்ல இருந்து ஒரு குதிரயாச்சும் குருடாப் போயிருக்கா ஆத்தா? இத்தன வருசம் படிச்சு இதத்தேன் கத்துக்கிட்டியா? வா, போவோம்."

அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வாரேன் சார்" என்றாள். வரவில்லை.

வேலை நிரந்தரமாகி, பிற்பாடு பெரிய பள்ளிகளில் எல்லாம் இருந்து, செய்முறைக் கல்வியைப் பற்றி மேடைகளில் பேசி மாலையும் போட்டுக்கொண்டேன். குதிரை அந்த ஐப்பசியில் கூரை ஒழுகிக் கரைந்தது. கண்மாய் வீடுகளாகிவிட்டது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். கொடிக்கால் எந்தப் பக்கம் இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பஞ்சவர்ணம் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

தெர்மாகோல் குதிரைக்குக் கண் ஒட்டுவதற்கு மட்டும் கொள்ளுப்பேத்தி எழுந்து வந்தாள். ஒரு கண் கொஞ்சம் மேலே, ஒரு கண் கொஞ்சம் கீழே. பேரன் சரி செய்யப் போனான், விடுடா என்றேன். பாக்கெட்டில் ஒரு ஜோடி மிச்சம்.

"நீ வச்சுக்க தாத்தா" என்று என் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஓடிவிட்டது குழந்தை.

இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நடந்தால் உருளுகின்றன.