பாட்டே இல்லாத ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் சேலையூரில் குடியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாட்டே போடப்போவதில்லை என்று வானொலியில் அறிவித்தார்கள். நிலையத்தின் ஆண்டு விழாவாம். காலை ஆறு மணி தொடங்கி இரவு வரை பேச்சு மட்டும். மருத்துவர் பேசுவார், வேளாண்மை அதிகாரி பேசுவார், வக்கீல் பேசுவார். நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்கலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டில்லாத வானொலியை ஒரு நாள் முழுக்கக் கேட்க ஊரில் ஆள் இருக்குமா என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

அப்பா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வீட்டிலும் எதையும் எழுத்தில் வைத்துத்தான் பேசுவார். எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவதைப் பற்றி அவர் அனுப்பிய மனுக்களின் நகல்கள் ஒரு தனிக் கோப்பில் இருந்தன. அன்று காலை ஒன்பது மணிக்கு ஊர்ப் பிரச்சினைகளுக்கான நேரம். அதற்கான கேள்வியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்து, ஒரு நிமிடத்துக்குள் அடக்கி வைத்திருந்தார். எட்டே முக்காலுக்கே தொலைபேசியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பத்து மணி வரை லைன் கிடைக்கவில்லை.

"காலையிலேருந்து காபி ஆறிக் கெடக்கு. தெருவுல தண்ணியே இல்லாத மாசத்துல தண்ணிக்கு கம்ப்ளெயின்ட்" என்றார் அம்மா.

"மழைக்கு முன்னாடி சொன்னாத்தான்மா நடவடிக்கை எடுப்பாங்க."

ஊர்ப் பிரச்சினைகளுக்கு மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை நேரம் ஒதுக்கியிருப்பதாக அறிவிப்பாளர் சொன்னதும் அப்பா ஒரு திட்டம் வகுத்தார். ஐந்து மணிக்கு எல்லோரும் அடிப்பார்கள். அதற்கு முன்பே, வேறு நிகழ்ச்சி நடக்கும்போதே லைனைப் பிடித்து, வைக்காமல் வைத்திருந்தால், ஐந்து மணிக்கு முதல் ஆள் நாம்தான். வானொலி நிலையத்தில் ரேஷன் கடை போல வரிசை நகரும் என்று அவர் நம்பினார். அந்த வரிசையில் இடம் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. ரீடயல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். லைன் கிடைத்தால் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, தெருமுனை சலூனுக்கு ஓடி வந்து அவரைக் கூப்பிட வேண்டும். மூன்று மணி வாக்கில் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். கேள்வித் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா அடுத்த தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அத்தையும் மட்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. குன்றத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஓய்வுக்காக வந்திருப்பதாகச் சொல்லப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வளைகாப்புக்கு அவர் போகவில்லை. போனால், "இன்னும் ஊருக்குக் கிளம்பலியா?" என்று நான்கு பேராவது கேட்பார்கள். அத்தை ஆசிரியர் பயிற்சி முடித்தவர். கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டினால் போதும். அவை எல்லாம் குன்றத்தூர் வீட்டு பீரோவில் இருந்தன. சாவி மாமாவின் அம்மாவிடம். அத்தை இதைப்பற்றி அப்பாவிடம் இரண்டு தடவை பேசியதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அப்பா, "இப்பப் போய்க் கேட்டா பிரச்சினை பெரிசாயிடும். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அதற்குமேல் அத்தை கேட்கவில்லை.

எத்தனை முறை பொத்தானை அமுக்கினேன் என்று தெரியாது. விரல் வலித்து, கட்டை விரலுக்கு மாறியிருந்தேன். திடீரென்று மணி போனது. ஓர் ஆண் குரல் அவசரமாகப் பேரும் ஊரும் கேட்டது. அப்பா சொன்ன எதுவும் நினைவுக்கு வரவில்லை. தாளைப் பார்த்து, "மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தெருவில்" என்று வாசிக்கத் தொடங்கினேன்.

"பாப்பா, அது அஞ்சு மணிக்கு. இப்போ வக்கீல் மேடம் பேசிட்டிருக்காங்க. சட்டத்தைப் பத்தி ஏதாவது கேள்வி இருக்கா? இல்லேன்னா வெச்சிடும்மா, நிறைய பேர் வெயிட் பண்றாங்க."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம், "சட்டக் கேள்வி இருக்கான்னு கேக்கறாங்க அத்தை" என்றேன்.

"இல்லன்னு சொல்லி வெச்சிடுடி" என்றார். நான் கையை எடுப்பதற்குள், "இரு" என்றார். மடித்த புடவையைக் கட்டில்மேல் வைத்தார். எழுந்து வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"கல்யாணி. மேடவாக்கத்துலேருந்து பேசறேன்."

அத்தையின் பெயர் கல்யாணி இல்லை. மேடவாக்கத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. அப்பாவுக்காக வரிசையில் இடம் பிடிக்க அத்தை பொய் சொல்கிறார் என்று நினைத்து, அவருடைய சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் அத்தையின் "வணக்கம்" இரண்டு இடங்களிலிருந்து கேட்டது. கூடவே வானொலி ஊளையிட்டது. "கல்யாணி, உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று அறிவிப்பாளர் சொல்ல, அத்தை எனக்குச் சைகை காட்டினார். சத்தத்தைக் குறைத்து, பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"என் ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன் மேடம். அவங்க பி.எட். முடிச்சவங்க. இப்ப புருஷன் வீட்ல இல்ல, அண்ணன் வீட்ல இருக்காங்க. ஒரு ஸ்கூல்ல வேலை தரேன்றாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் காட்டணும். எல்லாம் அந்த வீட்டு பீரோவுல இருக்கு. கேட்டா குடுக்க மாட்டேன்றாங்க. அத அவங்க எப்படி வாங்கறது?"

"அண்ணன் வீட்ல இருக்காங்கன்னு சொல்றீங்க. அண்ணன் என்ன சொல்றார்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

அத்தை ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். வானொலியில் மௌனம் நீளமாகத் தெரியும். பெட்டி கெட்டுவிட்டதோ என்று நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"அவர் நல்லவர்தான் மேடம். கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்றார்."

"எவ்ளோ நாளா சொல்றார்?"

"நாலு மாசமா."

"சரி. உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. சர்டிபிகேட்ல யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான் அது சொந்தம். புருஷனோ மாமியாரோ புடிச்சு வெச்சுக்க முடியாது. ஆனா தனியாப் போய்க் கேக்க வேணாம். வீட்டு ஆள் ஒருத்தர் கூடப் போகட்டும். அப்பவும் குடுக்கலன்னா போலீஸ்ல ஒரு புகார் எழுதிக் குடுத்துட்டு, யுனிவர்சிட்டிக்கு எழுதி டூப்ளிகேட் கேக்கலாம். கொஞ்சம் நாளாகும், ஆனா கிடைக்கும். ஃப்ரெண்டைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் மேடம்" என்று அத்தை ரிசீவரை வைத்தார். அப்பாவின் வரிசை அதோடு போயிற்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் அத்தை.

"அப்பாகிட்டயுமா?"

"அப்பாகிட்ட முக்கியமா."

ரேடியோவில் பேசிய அத்தை எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது. அதைச் சொல்லக்கூடாது என்பது கஷ்டமான நிபந்தனை. ஆனால் அத்தை கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பத்து நிமிடத்தில் அப்பா வந்துவிட்டார். தலையில் வலது பக்கம் மட்டும் வெட்டியிருந்தது. இடது பக்கம் காதை மூடியபடி அப்படியே இருந்தது. அத்தை முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு ஆயத் தொடங்கியிருந்தார். தலை நிமிரவில்லை. அப்பா யாரையும் பார்க்காமல் என்னிடம், "லைன் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

பொய் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்து, "இல்லப்பா. எங்கேஜ்டாவே இருந்துச்சு" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வுடு" என்றார். என் முதல் பெரிய பொய் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குப் பெருமை.

அதற்குள் சலூன்கார அண்ணன் கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், பாதித் தல அப்டியே கீது, நீங்க பாட்டுக்கு எழுந்துக்கினு வந்துட்டீங்க? கண்ணாடிய வேற வுட்டுட்டு. ரேடியோவத்தான கேட்டுக்கினு இருந்தீங்க? கத்திரி கித்திரி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லப்பா. திடீர்னு தலைவலி. நாளைக்கு வரேன்."

"நாளைக்கி நா ஊருக்குப் போறேன், கட லீவு சார். ஆபீசுக்கு இப்டியேவா போவீங்க?"

"ஆபீஸ் போகலப்பா" என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். காய்ச்சலோடும் அலுவலகம் போகிறவர் அவர். தலைவலி பலமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு ஊர்ப் பிரச்சினைகளுக்கான நேரம் தொடங்கியது. கடமை தவறாமல் போய் ரிசீவரை எடுத்தேன். "வேணாம், வெச்சிடு. அவசரமா லைன் தேவைப்படறவங்க யாராவது இருப்பாங்க" என்றார் அப்பா. கேள்வித் தாளையும் கேட்கவில்லை. வானொலியில் யாரோ தெருவிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா போய் அதை அணைத்தார். அன்று முழுவதும் அணைக்கப்படாத வானொலி அது.

பிறகு கீரை முறத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அப்பா தரையில் உட்காருவது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

"ஏம்மா, உன் சர்டிபிகேட்லாம் அந்த பீரோவுலதான இருக்கு?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் வேகமாகத் தலையாட்டினேன், நான் சொல்லவில்லை என்று.

"நாளைக்கு லீவு போடறேன். ரெண்டு பேரும் குன்றத்தூர் போய் நேர்ல கேட்டு வாங்கிட்டு வந்துடுவோம். நீ தனியாப் போக வேணாம்."

"குடுக்கலன்னா அண்ணா?"

"ஏன் குடுக்க மாட்டாங்க? அதுல உன் பேருதான இருக்கு. அப்படியும் குடுக்கலன்னா ஒரு புகார் எழுதுவோம். நான் எழுதாத புகாரா? அப்புறம் யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டா டூப்ளிகேட் தருவாங்க. கொஞ்சம் நாளாகும், அவ்ளோதான்."

அத்தை கீரைக் காம்பை இலையோடு சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து குளியலறைக்குப் போய், முகம் கழுவ ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் உள்ளே இருந்தார்.

நான் அசந்துபோயிருந்தேன். பெரிய வக்கீல் ஒருவர் வானொலியில் சொன்னதை, சட்டம் படிக்காத என் அப்பா, வரிசைகூட மாறாமல் தானாகவே சொல்லிவிட்டார். அத்தைக்குச் சத்தியம் செய்திருந்ததால் இதைச் சொல்லிப் பெருமைப்பட ஆள் இல்லாமல் போயிற்று. இவ்வளவும் தெரிந்தவர், நான்கு மாதமாக ஏன் சொல்லாமல் இருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.