செந்தாமரையின் வலது காது

ஒரகடத்தில் தகட்டை அழுத்திக் கார் கதவு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் செந்தாமரைக்கு வேலை. எனக்கும் அங்கேதான், இருவரும் ஒரே வாடகை அறை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். தலைக்குக் குளிக்காமல் மெஷின் லைனில் நிற்க மாட்டாள் மகராசி! துவட்ட நேரம் ஏது? சொட்டச் சொட்ட ஓடிவந்து ஈரக் காதிலேயே, மெஷின் சத்தத்துக்குப் போடும் இயர் பிளக்கைச் செருகிக்கொள்வாள். ஷிப்ட் முடியும்வரை காது ஊறும். அப்புறம் அரிக்காமல் என்ன செய்யும்? திரும்பும் பஸ்ஸில் ஹேர்பின்னை விட்டுக் குடைந்துகொண்டே வருவாள்.

"அத்த வெச்சி நோண்டாதடி!"

"அரிக்கிது, நான் இன்னா பண்ணட்டும்?"

வலி வந்தது. பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். காது வீங்கி அடைத்தே போனது. இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் இசக்கிபாண்டி அண்ணன் ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. பார்க்கக் கூப்பிட்டது காதில் விழாமல் பஸ் ஏறிவிடுவாள். அந்த நேரம் பார்த்து அவளைப் பர்மனென்ட் ஆக்கக் கூப்பிட்டார்கள். காது டெஸ்ட்டில் தேறினால்தான் வேலை.

"செவுடுன்னு சொல்லிட்டா ஊருக்கே போவணும்டி" என்று அழுதாள்.

டெஸ்ட்டில், ஹெட்போனில் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதின் சத்தத்துக்கு அவள் அழுத்தவே இல்லை. கம்பெனி நர்ஸ் சாரதா டார்ச் அடித்துப் பார்க்கக் காது மடலைப் பிடித்து இழுத்ததும் "ஐயோ!" என்று அலறினாள்.

"செவுடும் இல்ல ஒண்ணும் இல்லமா. ஓட்டை வீங்கி மூடிக்கினு கீது. ஆறட்டும், மறுபடி டெஸ்ட் வெச்சிக்கலாம்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. காது டாக்டர் அழுக்கை உறிஞ்சி எடுத்து, மருந்துத் திரி வைத்து, சொட்டு மருந்து கொடுத்தார். எண்ணெயும் கூடாது, ஹேர்பின்னும் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும். ஆறும்வரை பிளக்குக்குப் பதில் காதுக்கு மேலே மூடும் இயர் மஃப். அப்புறமும் காது நன்றாகக் காய்ந்தால்தான் பிளக்கைத் தொடலாம். அவளுடைய ஹேர்பின்களை நானே ஜன்னல் வழியாக வீசினேன்.

ஆறியது. டெஸ்ட்டில் தேறினாள், பர்மனென்டும் ஆனாள். அன்று ஷிப்ட் முடிந்து, களைத்துப்போய்க் கால்களை இழுத்து இழுத்து பஸ்ஸுக்கு நடந்தாள், பாவம். பின்னாலிருந்து இசக்கிபாண்டி அண்ணனின் குரல்.

"ஏ செந்தாமரை, ஆளு இல்ல தாயி. ஓ.டி. பாத்துட்டுப் போயிரு, என்ன?"

பஸ்ஸின் படியில் வைத்த காலை எடுத்தாள்.

"கேக்குதுண்ணே" என்றாள். பிறகு கைக்குட்டையால் வலது காதை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து இயர் பிளக்கை எடுத்தாள்.