என் அண்டாவும் அவர் ரேடியேட்டரும்

கல்யாணமாகி ஆறாவது வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் அரிசி மண்டி வைத்திருக்கிற மனுஷனுக்கு மூட்டை ஏற்ற ஒரு வேன் போதாதா? மெட்ராஸில் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த இரண்டு கதவுக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கூரை தாழ்வு. புடவை கட்டியவள் கோழி கூடைக்குள் நுழைவதுபோல்தான் நுழைய வேண்டும். சத்தம் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அதற்கு ஒரே வியாதி, சூடு. எஞ்சினை ஏதேதோ செய்து வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டை ஆற்ற வேண்டிய ரேடியேட்டரோ இற்றுப் போயிருந்தது. சீசன் நேரத்தில் ஒருநாள் ஐந்தருவிக்குப் போனோம். மேடு ஏறி முடிப்பதற்குள் கொதித்து, மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி. நேந்திரங்காய் சிப்ஸ் விற்கிறவர் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, எல்லாரும் அங்கன போயி அருவியில குளிக்காவ. நீங்க என்ன, இங்கன நின்னு ஆவி பிடிக்கியளா?” என்றார். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

“புது ரேடியேட்டர் போடணும். செம்புல போடவா, அலுமினியத்துல போடவான்னு யோசிக்கேன். சுரண்டையில ஒரு ஆளு செம்புல அடிச்சுத் தாரேங்கான். மேலயும் கீழயும் வார தொட்டிக்குத் தகடு வேணுமாம். பழைய செம்பா இருந்தா நல்லதாம்” என்றார். சொல்லிக்கொண்டே புழக்கடைப் பக்கம் பார்த்தார். அங்கே அடுப்பின்மேல் என் அண்டா உட்கார்ந்திருந்தது. அம்மா வீட்டுச் சீரில் வந்த செம்பு வெந்நீர் அண்டா. புளி போட்டுத் தேய்த்து வைத்தால் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

குறி அண்டாமேல்தான். வாய்விட்டுத் தர மாட்டேன் என்றால் வீம்பில் எடுத்துக்கொண்டு போய்விடுவார், அவர் குணம் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் அலுமினியத்துக்கு வக்கீலானேன்.

“அலுமினியம்னா எடை கொறைவுல்லா? மூக்குல பாரம் கொறைஞ்சா வண்டி பறக்காதா?” என்றேன்.

“செம்பு சூட்டைச் சட்டுனு கடத்தும். ஓட்டை விழுந்தா நம்ம ஊருலயே ஈயம் வச்சு அடைச்சிரலாம். அலுமினியத்துல ஈயம் ஒட்டாதுட்டி” என்றார்.

“நல்ல சாமானுல ஏன் ஓட்டை விழுது?”

இப்படியே ஒரு வாரம். கடைசியில் சோதித்தே பார்த்துவிடுவோம் என்றார். புழக்கடையில் ஒரு செம்புப் பானை, ஒரு அலுமினியப் பானை. இரண்டிலும் அளந்து அளந்து கொதிநீர் ஊற்றினார். எது முதலில் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வருகிறதோ அதுதான் வண்டிக்கு. அந்த நேரம் பார்த்து வாசலில் மண்டிக் கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். இவர் போன கையோடு, அலுமினியப் பானையிலிருந்து இரண்டு தம்ளர் கொதிநீரை வாழைமரத்து மூட்டில் கொட்டிவிட்டு, மண்பானையிலிருந்து இரண்டு தம்ளர் பச்சைத்தண்ணீர் ஊற்றினேன். வாழைக்கு என்ன ஆனதோ, அண்டா பிழைத்தது.

திரும்பி வந்து விரல் விட்டுப் பார்த்தார். “அலுமினியம்தான் போல” என்றார். என் சந்தோஷத்தை அடக்க நான் துணி மடிக்கப் போக வேண்டியிருந்தது.

பத்தே நாளில் கொல்லத்திலிருந்து ஒரு அலுமினிய ரேடியேட்டர் வந்தது. ஏதோ வெளிநாட்டு வண்டியில் கழற்றியதாம். இறகுபோல் இருந்தது, நானே ஒரு கையால் தூக்கினேன். அதை மாட்டிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலைப்பாதை முழுக்க ஏறி இறங்கினோம். சூடு காட்டும் முள் அசையவில்லை. வண்டியை ஓரங்கட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடுரோட்டில் ஒரு பொம்பளையின் கையைக் குலுக்கிய முதல் தென்காசிக்காரர் அவராகத்தான் இருக்கும்.

ஒன்றரை மாதம் ஓடியது. வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது குழியில் இறங்கிய ஒரே குலுக்கலில் ரேடியேட்டர் மூட்டில் விரிசல். சுரண்டை ஆள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். ஈயம் உருண்டு உருண்டு கீழே விழுந்ததே ஒழிய ஒட்டவில்லை. லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டியிருப்பேன். மனுஷன் மண்டியிலிருந்து வந்ததும் கார் ஷெட்டில் போய் உட்கார்ந்துகொள்வார், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். இரண்டு தம்ளர் பச்சைத்தண்ணீர் என் தொண்டையிலேயே நின்றது. ஆறாம் நாள் காலை, அவர் மண்டிக்குக் கிளம்பியதும் அண்டாவைச் சாக்கில் கட்டி, சுரண்டை பஸ்ஸின் மேல் ஏற்றி அனுப்பிவிட்டேன். தொட்டிகளுக்கு இதை வெட்டிக்கொள்ளவும் என்று ஒரு சீட்டு. ஏற்றும்போது அழுதேன். கண்டக்டர் யாருக்கோ காரியம் என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் தோசை போட்டுக்கொண்டே, “அன்னைக்கு அலுமினியப் பானையில நாந்தான் பச்சத்தண்ணி ஊத்துனேன்” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோசை புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

“தெரியும்ட்டி. நீ ஊத்தணும்னுதான கணக்கப்பிள்ளையை வந்து கூப்பிடச் சொன்னேன்!”

விஷயம் இதுதான். கொல்லத்து ரேடியேட்டருக்கு அவர் முன்பே பேசி முடித்துவிட்டார். வெளிநாட்டுச் சாமான், விலை இவ்வளவு என்று சொன்னால் நான் வீட்டை இரண்டாக்குவேன். அண்டாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானே அலுமினியம் கேட்டுத் தொங்குவேன் என்பது அவர் கணக்கு. “ஒன் அண்டா மேல நான் கையை வைப்பனா?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தோசைக்கரண்டியைப் பிடித்தபடியே சொன்னேன்: “அண்டா காலையிலயே சுரண்டைக்குப் போயிட்டு.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடினார். மத்தியானம் திரும்பினார், கையில் அண்டாவின் இரண்டு பிடி வளையங்கள் மட்டும். சுரண்டை ஆள் வேலையில் சுறுசுறுப்பு, அண்டா போய்ச் சேர்ந்த அன்றைக்கே வெட்டிவிட்டாராம். வளையங்களை என் முன்னால் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். பாவமாகவும் இருந்தது, இன்னும் நாலு சாத்த வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நான் சத்தம் போட்டே அழுதேன்.

அடுத்த வாரம் செம்பு ரேடியேட்டர் வந்தது. மாட்டி முடித்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். மேல்தொட்டியில் பளபளவென்று என் பெயர். சீர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டித்தானே அனுப்புவார்கள். அந்த ஆள் அதை அழிக்க மனசு வராமல் நேராகத் தெரியும்படி வைத்து அடித்திருந்தார். அப்பா பெயரின் முதலெழுத்துகூட இருந்தது.

“ஒம் பேரு, பாத்தியா” என்றார், சமாதானமாக.

விசேஷ வீட்டில் பாத்திரங்கள் கலந்துபோனால் எப்படிப் பிரித்தெடுப்போம்? வெட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தானே?

“அப்ப இது எனக்குள்ளது” என்று கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.