துறைத் தலைவர் (பொ)

மயக்க மருந்து டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், கண் விழிக்கும் நோயாளிக்கு அவர் முகம்கூட நினைவிருக்காது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இருபது வருஷமாக மயக்கம் கொடுக்கிறேன், பாடமும் நடத்துகிறேன். எங்கள் துறையில் பாதிக்கு மேல் பெண்கள். இதுவரை தலைவர்களாக இருந்தவர்கள் மட்டும் அத்தனை பேரும் ஆண்கள். ஆபீஸில் எல்லா வேலையும் பார்த்துவிட்டு போர்டில் தன் பேரைத் தேடுகிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பெரிய டாக்டர்

பாலக்கரையிலிருந்து ஒரு அம்மா பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தார். முதல் நாளே போய்ப் பரிசோதித்து, பல்செட்டைக் கழற்ற வேண்டும், காலையில் டீ கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். நான்தான் பேராசிரியர், நான்தான் மயக்கம் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் நல்ல மனசு. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அல்லா ஒங்களுக்கும் ஒரு நாள் பெரிய டாக்டராகுற நசீபைக் கொடுப்பான்மா."

அடைப்புக்குறி

எங்கள் தலைவர் ஓய்வு பெற்றதும், புதியவரை நியமிக்கும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டீன். ஒரு மாசம் என்றார், இரண்டரை வருஷம் ஓடியது. டியூட்டி லிஸ்ட், பரீட்சை, இன்ஸ்பெக்ஷனுக்கான ஃபைல்கள், எல்லாம் என் தலையில். துறைத் தலைவர் என்ற பேருக்குப் பின்னால் மட்டும் 'பொறுப்பு' என்பதைச் சுருக்கி அடைப்புக்குறிக்குள் ஒரு 'பொ'.

முதல் வாரம் கதவில் அதை எழுத அரியமங்கலத்திலிருந்து பெயின்டர் வந்தார். கையில் பிரஷ்ஷோடு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், இந்த 'பொ'ன்னா பொம்பளையா?"

வாழ்த்து

செய்தி ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கும் எட்டியது. பக்கத்து வீட்டு மாமா வாழ்த்துச் சொல்ல வந்தார். வாசலில் நின்ற என்னைத் தாண்டிப் போய், ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவரும் தனக்கே பதவி கிடைத்த மாதிரி ஈயென்று இளித்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிளம்பும்போதுதான் மாமா என் பக்கம் திரும்பி, சமையற்கட்டை எட்டிப் பார்த்தபடி சொன்னார்: "எல்லாம் பெருமாள் அனுக்ரஹம், ரொம்ப சந்தோஷம். ஆனா இனிமே ஆத்துல தளிகையை யார் பாத்துப்பா?"

ப்ளஸ் டூ

ஒருவழியாக நிரந்தரப் பதவிக்கு இன்டர்வியூ வைத்தார்கள். அந்தப் பதவி எனக்கு வேண்டும். ஆசையாகவே வேண்டும், சொல்ல எனக்கு வெட்கமில்லை. போட்டிக்கு வந்த இன்னொருவர் என்னைவிட ஆறு வருஷம் இளைய ஆண் டாக்டர். முதுகில் ஊசி போட என்னிடம்தான் கற்றுக்கொண்டார். அவர் மகளும் என் மகனும் ப்ளஸ் டூ, மன்னார்புரத்தில் ஒரே டியூஷன்.

துறையை எப்படி வளர்ப்பீர்கள் என்று அவரிடம் கேட்டார்களாம். நானும் அதற்குத்தான் நாலு பக்கம் எழுதித் தயார் செய்துகொண்டு போனேன். குழுவில் மூத்தவர் என்னிடம் ரொம்பப் பரிவாகக் கேட்டார்: "பையன் ப்ளஸ் டூவாமே? இந்த வருஷம் உங்களுக்குச் சிரமமா இருக்காதாம்மா?"

புதுத் தலைவர்

பதவி அவருக்குப் போனது. ஆர்டர் வந்த அன்று ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில், காரைக் கிளப்பாமல் உட்கார்ந்து அழுதேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர்தான்.

மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பத்து ஃபைல்களை மார்போடு அணைத்தபடி, பரீட்சைக்கு வந்த மாணவர் போல நின்றுகொண்டே சொன்னார்: "எனக்கு ஒண்ணுமே புரியல மேடம். ஒரு ஆறு மாசத்துக்கு மட்டும் பொறுப்பை நீங்களே பாத்துக்கிறீங்களா?"

தலைவர் என்ற சொல் இருபாலுக்கும் பொது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஆனால் எங்கள் துறையின் இலக்கணத்தில் தலைமை ஆண்பால், பொறுப்பு பெண்பால்.