கவிழ்த்த சைக்கிளும் ஐந்தாவது பாட்டும்

என் கையெழுத்து அழகில்லை. எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அண்ணைக்கு ஓர் ஆங்கிலப் பாட்டுக் கசெற் கொடுத்தார். பத்துப் பாட்டுகள். கிற்றார் பின்னால் எங்கேயோ இரைய, பியானோதான் முன்னுக்கு நின்று பாட்டை இழுத்துக்கொண்டு போகும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அண்ணைக்குக் கொஞ்சம் விளங்கும், அவர் படித்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயத் தோட்டத்தில் நின்றேன். அவருக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு.

அப்போது சண்டைக் காலம், கரண்ட் இல்லை. பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் வராது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றினால் பின் சில்லு ஓடும். அதில் உரசும் டைனமோவிலிருந்து, கசெற் போடுகிற ரேடியோவுக்கு வயர் போகும். எல்லா வீட்டிலும் இப்படித்தான். பின்னேரம் தோட்டத்தால் வந்து, கழுவாத கையோடு நான் சுற்றுவேன். அண்ணை கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

வேகமான பாட்டுகளில் கை தளர்ந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஐந்தாவது பாட்டுத்தான் ஆக்கினை. அதில் பியானோவும் குரலும் மட்டும். ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே விடுவார்கள். ஒலி நீண்டுகொண்டே போகும். அந்த நேரம் கை சற்றுச் சுணங்கினாலும் ஒலி சேற்றில் கால் வைத்தது போல இறங்கும்.

"டேய், பாட்டுக்கு வயித்தாலை போகுது. ஒழுங்காச் சுத்தடா" என்பார் அண்ணை, கண் திறக்காமலே.

நான் மூச்சைப் பிடித்துச் சுற்றப் பழகினேன். ஒரு நாள் அந்தப் பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடுக்கமில்லாமல் ஓடியது. அண்ணை கண் திறக்கவில்லை. நான் மட்டும் அதை மனதுக்குள் வைத்திருந்தேன். நான் பிழையில்லாமல் செய்த ஒரு வேலை என்று இத்தனை வருடமும் நினைத்து வந்தது அதைத்தான்.

பிறகு அண்ணை வெளிநாடு போனார். கசெற்றும் அவரோடு போனது.

இந்த வருடம் குடும்பத்தோடு வந்து இனசனத்துக்கு மத்தியானம் விருந்து வைத்தார். முற்றத்தில் ஸ்பீக்கர், போனிலிருந்து அதே பாட்டுகள். எங்கள் ரேடியோவில் ஒலி இறங்கிக் கிழவனாகப் பாடியவன் இதில் பொடியனாகப் பாடினான்.

"உந்தப் பாட்டுகளைக் கேக்க நான் பட்ட பாடு! சைக்கிளைக் கவிட்டு வைச்சு, கை நோக நோகச் சுத்துவன்" என்று அண்ணை எல்லோருக்கும் சொன்னார்.

அவருடைய மகள், "சித்தப்பாவும் கேட்டவரோ?" என்றாள்.

"அவனோ? அவனுக்கு உதுகள் பிடியாது பிள்ளை. பாட்டுப் போட்டால் தோட்டத்துக்கு ஓடியிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற நானும் சிரித்தேன். 

மகளுக்கு அதை வீடியோ எடுக்க ஆசை. "தம்பி, அந்தப் பழைய சைக்கிளைக் கொண்டு வா" என்றார் அண்ணை. கொண்டுவந்து கவிழ்த்து வைத்தேன். ஐந்தாவது பாட்டுத் தொடங்கியது. அண்ணை குந்தியிருந்து, மகளின் போனைப் பார்த்துச் சிரித்தபடி பெடலைச் சுற்றினார்.

மறுபக்கமாகச் சுற்றினார். செயின் கடகடத்தது, சில்லு அசையவில்லை. கவிழ்த்த சைக்கிளை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது ஒருநாள் சுற்றியவனுக்கும் தெரியும். அந்த முற்றத்தில் நின்ற எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன மச்சான், சில்லு உன்னோடை கோவமோ?" என்று அக்காவின் புருஷன் கேட்டார்.

அண்ணையின் முகம் கறுத்தது. நான் வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நான்தான் சுற்றினேன் என்று ஒரு வசனம் போதும். நான் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டேய், உதைச் சுத்தடா" என்றார் அண்ணை. அதே பழைய குரல். என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்தப் பக்கம் குந்தி மற்றப் பெடலைப் பிடித்தேன். சில்லு ஓடியது. அண்ணை தன் பெடலில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். வயர் ஒன்றும் பூட்டவில்லை. பாட்டு தன்பாட்டில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. ஆனாலும் அந்த நீண்ட ஒலி வந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்தேன். கை சீராகச் சுற்றியது. அண்ணையின் பொய்யை விட, ஏன், என் சிரிப்பையும் விட, அந்தக் கைதான் எனக்கு அருவருப்பு.

வீடியோ இப்போது இனசனத்தின் போன்களில் எல்லாம் இருக்கிறது. நடுவில் அண்ணை. ஓரத்தில் ஒரு கை தெரியும், முகம் தெரியாது.

சுற்றுவது அந்தக் கைதான். அன்றும் அதுதான் சுற்றியது.

புரட்டாதி மாதம், இரண்டாம் சனிக்கிழமை.