சின்னாருக்கு மச்சானைக் கூட்டிப் போனேன்

திருப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறுதான் நிஜமான ஞாயிறு. மற்றதெல்லாம் ஷிப்மெண்ட். நான் மங்கலம் சாலையில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கலர் மேட்சிங் பார்க்கிறேன். நாள் முழுக்கத் துணியையே உற்றுப் பார்க்கிற கண்ணுக்கு, கிடைக்கிற லீவில் ஏதாவது ஒரு காட்டு விலங்கைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆசைதான். டாப்சிலிப் போனோம், காட்டுத்தீ காலம் என்று மூடியிருந்தது. அமராவதி முதலைப் பண்ணைக்குப் போனோம், ஒரு முதலைகூட அசையவில்லை. "சிமெண்டுல செஞ்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள் என் மனைவி சுகந்தி.

அதனால் போன மாதம் சின்னார். உடுமலையிலிருந்து மூணாறு போகிற வழியில், கேரள எல்லை தாண்டியதும் வருகிற சரணாலயம். அங்கே ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. பூனை அளவு இருக்கும், வால் உடம்பை விட நீளம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டரில் இப்படி ஒரு பிராணி இருக்கிறது, நான் பார்த்ததில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் போவதாகத்தான் திட்டம். சுகந்தி அவள் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாள். ஈஸ்வரமூர்த்தி மச்சானுக்கு அருள்புரத்தில் நிட்டிங் யூனிட். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே பழகியவர், "காப்பி குடிச்சீங்களா மாப்ளே" என்று கேட்டாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். "பஸ்ஸுலயா போவீங்க? நம்ம வண்டியில போலாமுங்க" என்றார். மறுக்க முடியவில்லை.

விலங்கு பார்க்கப் போகிறவர்கள் விடிகிறபோது காட்டில் இருக்க வேண்டும். நாலரைக்குக் கிளம்பலாம் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். மச்சான் வந்தது ஆறரைக்கு. பின்சீட்டில் ஒரு பெரிய பாத்திரம் பிரியாணி, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். பல்லடத்தில் டீ. உடுமலையில் டிபன். அப்புறம் அவர் துணிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிற டையிங்காரர் போனில் வந்தார். துணி நனைந்துவிட்டதா, காய்ந்துவிட்டதா என்று ஏதோ பெரிய தகராறு. வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் பேசினார். நான் வெளியே நின்று ஒரு மைனாவைப் பார்த்தேன். அன்றைய தினத்தின் முதல் வனவிலங்கு.

சின்னார் சோதனைச் சாவடியில் போய் இறங்கியபோது பத்து மணி ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. இங்கே காட்டுக்குள் தனியாகப் போக முடியாது, கட்டணம் கட்டினால் வழிகாட்டி ஒருவரை அனுப்புவார்கள். எங்களுக்கு வந்தவர் முப்பது வயதுக்காரர். எங்கள் மூவரையும், குறிப்பாக மச்சானின் பளீரென்ற ஆரஞ்சு டீ-சர்ட்டை, ஒரு மாதிரி பார்த்தார்.

"பேசாம நடக்கணும். போனை அமத்திருங்க."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் மச்சான், சாவடி முழுக்கக் கேட்கிற குரலில்.

சின்னார் என்றால் மூணாறு மாதிரி பச்சைப் பசேல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மழை மறைவுப் பகுதி. முள்மரமும் கள்ளியும் பாறையுமாக, தாராபுரம் பக்கத்துக் காட்டை மலைமேல் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். மச்சானுக்கு இது பெரிய ஏமாற்றம். "என்னங்க மாப்ளே, நம்ம அவிநாசிபாளையத்துல இல்லாத முள்ளா?" ஆனால் பாம்பாற்றின் கரைக்கு இறங்கினால் வேறு உலகம். வானம் தெரியாத அளவுக்கு மருதமரங்கள், கீழே குளிர்ந்த தண்ணீர்.

அங்கே ஒரு மரத்தடியில் வழிகாட்டி கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். இலைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட வால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் திருகினேன். மங்கலாக ஒரு உடம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருகினால் முகம் தெரிந்துவிடும். அப்போதுதான் மச்சானின் சட்டைப் பையிலிருந்து முருகன் பாட்டு முழங்கியது. டையிங்காரர்.

வால் போய்விட்டது. ஒரு கிளை ஆடியது, அதுவும் நின்றது. சுகந்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். "சிக்னலே இல்லைன்னு நெனச்சனுங்க மாப்ளே" என்றார் மச்சான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அந்த மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம். வரவில்லை. திரும்பி நடக்கும்போது நான் அவரோடு பேசவில்லை. பிரியாணியும் சாப்பிடவில்லை. அதில் எனக்குத்தான் நஷ்டம்.

மூன்றரை மணிக்கு ஊருக்குக் கிளம்பினோம். எல்லையிலிருந்து உடுமலைப் பக்கம் வருகிற சாலை புலிகள் காப்பகத்துக்குள்ளேயே ஓடுகிறது. வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள் என்று வழியெல்லாம் பலகை. கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு திருப்பத்தில் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம்.

சாலையின் இடது ஓரத்தில் ஒரு பெண் யானை. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. எதிர்ப்பக்கம் ஓடை. தண்ணீருக்குப் போக வந்திருக்கிறது, வண்டிகள் வழியை அடைத்து நிற்கின்றன. இருபது பேராவது இறங்கி நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் குட்டிக்கு வாழைப்பழம் எறிந்தார். இன்னொருவர் தன் சின்னப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "டாட்டா சொல்லு" என்றபடி முன்னால் போனார். யானை காதுகளை விரித்து, ஒரு அடி முன்னே வைத்துப் பின்னே எடுத்தது. அது எச்சரிக்கை. படித்திருக்கிறேன். கண்ணாடியை இறக்கி, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தினேன். பத்து அடிக்கு அந்தப் பக்கம்கூட என் குரல் போகவில்லை.

மச்சான் கதவைத் திறந்து இறங்கினார்.

"அண்ணா, நீ எங்க போற?" என்று சுகந்தி அலறினாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையோடு நடந்தபடி ஒவ்வொரு வண்டியாகக் கூரையில் தட்டினார். "ஏனுங்க, உள்ள ஏறுங்க! அது வழி கேக்குதுங்க! தம்பி, போனை உள்ள வெச்சுட்டு ஏறு! வண்டியப் பின்னால எடுங்க!" அந்தக் குரலுக்கு ஆட்கள் அசைந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். இரண்டு வண்டிகள் பின்னால் நகர்ந்தன. கடைசியில் குழந்தையைத் தோளில் வைத்திருந்தவரிடம் போய், ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தையைத் தூக்கி அவர் வண்டி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். அந்த மனிதர் சண்டைக்கு வாயைத் திறந்தார். அதற்குள் யானை வந்துவிட்டது.

யானை ஓடும்போது சத்தம் வராது என்று அதுவரை எனக்குத் தெரியாது. தலை தாழ்ந்தது, அவ்வளவுதான், அடுத்த நொடி சாலையில் நின்றது. குழந்தையின் அப்பா உள்ளே விழுந்து கதவைச் சாத்திக்கொண்டார். மச்சான் வெளியே. ஓடியவர் சாலையோரப் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தார். சுகந்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கண்ணை மூட முடியவில்லை.

யானை நடுச்சாலையில் நின்று மண்ணை உதைத்தது. பள்ளத்தில் கிடந்த ஆரஞ்சு டீ-சர்ட்டைப் பார்த்தது. பிறகு திரும்பி ஏதோ உறுமியது. குட்டி ஓடி வந்து காலுக்கடியில் புகுந்தது. இரண்டும் பின்வாங்கிய வண்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கடந்து, ஓடைக்கு இறங்கிப் போயின.

மச்சானுக்கு முட்டி வீங்கிவிட்டது, வேறொன்றுமில்லை. நான்தான் உடுமலை வரை வண்டி ஓட்டினேன். அங்கே டாக்டர் கட்டுப்போடும்போது சுகந்தி அழுதுகொண்டே அண்ணனைத் திட்டினாள். "ரெண்டு புள்ளைங்க இருக்குதுண்ணா உனக்கு. எதுக்கு எறங்குன?"

"அது ஒண்ணும் நம்மள அடிக்க வரலயே கண்ணு. தண்ணிக்கு வந்துச்சு. ஒருத்தனாவது வழி உட்டானா? நானும் உள்ளயே உக்காந்து பாத்துட்டிருக்கச் சொல்றயா?"

ஆனாலும் காலையிலிருந்து அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்குப் போகவில்லை. போன அணில் போனதுதானே.

இனி, போகப்போகிறவர்களுக்கு. சொந்த வண்டி அவசியமில்லை, உடுமலையிலிருந்து மூணாறு பஸ் சின்னாரில் நிற்கும். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், பத்து மணிக்குப் போனால் பாறையைத்தான் பார்ப்பீர்கள். கட்டணமும் நேரமும் மாறுகின்றன, கிளம்புவதற்கு முன் விசாரியுங்கள். மாலைக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். மங்கிய நிறத்தில் உடுத்துங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அது போகும்வரை சும்மா இருங்கள். இறங்காதீர்கள். யாரையும் காப்பாற்றக்கூட இறங்காதீர்கள் என்று எழுத நினைத்தேன். அந்தக் குழந்தை ஞாபகம் வந்துவிட்டது, எழுதக் கை வரவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் ஒரு வீடியோ. வரிசையில் இருந்த யாரோ எடுத்தது. பதினைந்து விநாடி. அதில் குழந்தை இல்லை, வாழைப்பழம் இல்லை. ஆரஞ்சு டீ-சர்ட் போட்ட ஒரு ஆள் யானைக்கு முன்னால் நிற்கிறார், ஓடுகிறார், விழுகிறார். 'குடிகாரன் அட்டகாசம்' என்று தலைப்பு. அருள்புரம் முழுக்கச் சுற்றிவிட்டது. டையிங்காரரே அவருக்கு அனுப்பியிருக்கிறார். மச்சான் வாழ்க்கையில் டீயைத் தவிர எதுவும் குடித்ததில்லை. கமெண்டில் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதப் போகிறேன் என்று கொதித்துப்போய் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"வருத்தமாத்தானுங்க இருக்குது மாப்ளே. ஆனா உட்டுருங்க. அதப் பாத்துட்டு நாலு பேரு எறங்காம இருந்தாச் சரி."

அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை.